கியர் பொக்ஸைத் தொங்கவிடாதீர்கள்

முன்சில்லு இழுக்கும் காரில் கிளச் மாற்றக் கியர் பொக்ஸைக் கழற்றும்போது, வேலை கெடுவது பெரும்பாலும் அது எஞ்சினை விட்டு வெளிவரும் கடைசி இரண்டு அங்குலத்தில்தான். போல்ட்கள் கழன்றதும் கியர் பொக்ஸ் தொங்கினால், சிறிய காரிலும் 30 கிலோ அளவு பாரம் ஷாப்ட் வழியாகக் கிளச் பிளேட்டின் நடுவில் விழும். பிளேட் வளைந்தால் பிறகு கிளச் சரியாக விடாது. எஞ்சினுக்கு ஒரு ஜக், பொக்ஸுக்கு இன்னொன்று. பொக்ஸை நெம்பாமல் எஞ்சினிலிருந்து நேராக விலக்கி இழுங்கள். கார் நிற்கவேண்டியது ஸ்டாண்டில், ஜக்கில் அல்ல!

பற்றரி நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். அக்சில் நட்டைச் சில்லு தரையில் இருக்கும்போதே இளக்குங்கள். போல்ட்கள் ஒரே நீளமல்ல, கழற்றிய ஒழுங்கில் அட்டையில் குத்தி வையுங்கள்.

அக்சில் ஒயில் சீல்களைப் பழையதோடு கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குக் கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். பெடலை மிதிக்கும்போது கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் பெயாரிங்கையும் இப்போதே மாற்றுவது நல்லது.