வகைமை நாவல்களுக்கு அட்டை வரைவதைத் தொழிலாகக் கொள்வது எப்படி

இத்தொழிலுக்கு வர விரும்புகிறவர் தூரிகையை எடுப்பதற்கு முன், தாம் வரைய நினைக்கும் வகைமையில் வந்த ஐம்பது பேப்பர்பேக் (மெல்லிய அட்டை போட்ட மலிவு விலை நூல்) அட்டைகளையாவது தரையில் பரப்பிவைத்துப் பார்ப்பது நல்லது. உளவுக் கதைகளில் முதுகைக் காட்டியபடி விலகிச் செல்லும் தனி மனிதரும், காதல் கதைகளில் ஒருவரை ஒருவர் நோக்கிச் சாயும் இரு உருவங்களும், அறிவியல் புனைவில் பெரும் எந்திரத்தின் காலடியில் எறும்பாகத் தெரியும் ஆளும் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். அரைத்த மாவு என்று இவற்றை ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் வாசகர் தமக்குப் பிடித்த வகைக் கதையை அலமாரியில் அடையாளம் காண்பது இவற்றால்தான் என்பதால், இவற்றை மீற நினைப்பவருக்கும் முதலில் இவற்றை நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டும்.

வேலை கேட்கும்போது காட்டும் மாதிரிப் படத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் பத்துப் பன்னிரண்டு படங்கள் போதும். அவை ஒரே வகைமையைச் சேர்ந்தவையாக இருப்பது நல்லது. பதிப்பகத்தின் கலை இயக்குநர் கையில் ஒரு குறிப்பிட்ட நாவலை வைத்துக்கொண்டு அதற்கேற்ற கையைத் தேடுகிறாரே தவிர, எதை வேண்டுமானாலும் வரையக்கூடியவரைத் தேடுவதில்லை. 1958இல் டெல் பதிப்பகத்துக்கு வரையத் தொடங்கிய ராபர்ட் மெக்கின்னிஸ் 1,200க்கும் மேற்பட்ட பேப்பர்பேக் அட்டைகளை வரைந்தவர். அவருடைய நெடிய பெண் உருவங்களைக் கையொப்பம் பார்க்காமலே இனங்கண்டுவிடலாம்.

வேலை வரும்போது பெரும்பாலும் கதைச் சுருக்கமும், பாத்திரத்தின் வயது, தோற்றம், உடை பற்றிய சில வரிகளும் மட்டுமே கைக்கு வரும். கைப்பிரதி கிடைக்குமானால் கேட்டு வாங்கிப் படித்துவிட வேண்டும். கதாநாயகியின் இடது கன்னத்தில் உள்ள தழும்பு அட்டையில் வலது கன்னத்துக்கு மாறிவிட்டால், பதிப்பகத்தில் எவர் கண்ணிலும் படாத அந்தப் பிழை முதல் வாசகரின் கண்ணில் பட்டுவிடும். ஆனால் படித்ததில் மிகவும் உலுக்கிய காட்சியை அப்படியே வரைந்துவிடவும் கூடாது. அதற்குச் சற்று முந்தைய கணமே அட்டைக்கு உரியது.

மாடிப்படியில் கொலை நடக்கும் ஒரு துப்பறியும் நாவலை எடுத்துக்கொள்வோம். படியில் கிடக்கும் உடலை வரைந்தால் அது கிடைமட்ட உருவம். நெடிய அட்டையின் நடுவில் சிக்கிக்கொண்டு கதையின் மர்மத்தையும் போட்டு உடைத்துவிடும். கீழ்ப்படியில் ஒரு பெண், கைப்பிடியில் பதிந்த அவள் விரல்கள், மேலே மூடிய கதவின் அடியில் ஒரு கோடாக வெளிச்சம் என்று அமைத்தால், பார்வை தானாகவே படியேறிச் சென்று கதவில் நிற்கும். கதவுக்கு மேலே உள்ள இருண்ட சுவரில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் இடைஞ்சலின்றி அமரும். எழுத்துக்கு இடம் விடாத ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடும். இப்படி மூன்று நான்கு தம்ப்நெயில்களை, அதாவது சிறிய முன்வரைவுகளை, கறுப்பு வெள்ளையில் போட்டு, 2 செ.மீ. உயரத்துக்குச் சுருக்கிப் பார்த்து, அந்த அளவிலும் புரிகிறவற்றை மட்டுமே அனுப்ப வேண்டும். இணையக் கடையில் அட்டை ஏறக்குறைய அந்த அளவில்தான் தெரியப்போகிறது. பிடிக்காத ஒன்றை எண்ணிக்கைக்காகச் சேர்த்து அனுப்பினால், பெரும்பாலும் அதுவே தேர்வாகிவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அளவுக் கணக்கைத் தொடக்கத்திலேயே முடித்துவிட வேண்டும். சிறிய பேப்பர்பேக் ஏறத்தாழ 108 மி.மீ. அகலமும் 178 மி.மீ. உயரமும் கொண்டது. 320 பக்கம் என்றால் 160 தாள். ஒரு தாளின் தடிமன் 0.1 மி.மீ. என்று கொண்டால் நூலின் முதுகுப் பகுதி 16 மி.மீ. வரும். முன்னும் பின்னும் தொடரும் படமானால், அச்சகத்தில் ஓரம் வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மி.மீ. கூட்டி, 238க்கு 184 மி.மீ. அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அடர்த்தியில் தயாரிக்க வேண்டும். முதுகின் இறுதி அளவு அச்சகத்திலிருந்துதான் வரும் என்பதால், முகம், கை போன்றவற்றை மடிப்புக்கு அருகே கொண்டுவராமல் இருப்பது நல்லது. திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் அச்சுக்குப் பயன்படும் சிஎம்ஒய்கே (நீலப்பச்சை, செந்நீலம், மஞ்சள், கறுப்பு) மையில் மங்கிவிடும். ஒரு சோதனை அச்சு பார்த்துவிட்டால் பின்னால் வருந்த வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். முழுப் பதிப்புரிமையையும் எழுதிக் கொடுக்காமல், எந்த மொழிக்கு, எந்த வடிவத்துக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று வரையறுத்து உரிமம் மட்டும் கொடுக்க வேண்டும். மின்னூல், ஒலிநூல், சுவரொட்டி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டணம் கேட்கலாம். எத்தனை திருத்தம் இலவசம், பாதியில் கைவிடப்பட்டால் எவ்வளவு கிடைக்கும் என்பனவும் எழுத்தில் இருக்க வேண்டும். கையால் தீட்டுகிறவர், மூல ஓவியம் தமக்கே திரும்ப வரும் என்ற வரியைச் சேர்க்காமல் கையெழுத்திடக் கூடாது. மூலங்களைத் தம்மிடமே வைத்துக்கொள்வதில் பிடிவாதமாக இருந்த ஃப்ராங்க் ஃப்ராசெட்டா 1969இல் ஓர் இதழின் அட்டைக்கு வரைந்த ஓவியம், 2019இல் 54 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

மாதிரிக்கு இணையத்தில் கிடைக்கும் புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரைவது வழக்கில் கொண்டுபோய் விடலாம். நண்பரை நிற்கவைத்துத் தாமே படமெடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது. படைப்பில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தவில்லை என்ற உறுதிமொழியைச் சில பதிப்பகங்கள் இப்போது கேட்பதால், முதல் கிறுக்கலிலிருந்து கணினி ஓவியத்தின் கடைசி லேயர் (அடுக்கு) வரை எல்லாக் கோப்புகளையும், எடுத்த புகைப்படங்களையும், தேதியிட்டு ஒரே கோப்புறையில் சேமித்துவைக்க வேண்டும்.