இளைஞர் மன்றத்துக்கு ஒரு வேலை: விதைநெல் சோதனை

சம்பாவுக்கு நாற்று விடுமுன், ஊர் இளைஞர் உழவர் மன்றம் விதைநெல்லைச் சோதித்துத் தரலாம்; செலவு சொற்பம். 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்து, புது முட்டையைப் போடுங்கள் (பழசு வெறும் தண்ணீரிலேயே மிதக்கும்). முட்டை மிதந்து, மேலே நாலணாக் காசு அகலம் தெரிந்தால் கரைசல் சரி. நெல்லைக் கொட்டி, மிதக்கும் பதரை அரித்தெடுங்கள். மூழ்கியதை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசவேண்டும். உப்பு தங்கினால் முளைப்பு கெடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

பிறகு 100 மணிகளை ஈரச் சாக்கில் சுருட்டி, காயாமல் தண்ணீர் தெளியுங்கள். 80-க்குக் கீழே முளைத்தால் விதையை மாற்றுங்கள். ஆனால் புதிதாக அறுத்த நெல் முளைக்காமல் உறக்கத்தில் இருக்கும், சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். வீட்டுக்கொரு சீட்டு எழுதி விதை மூட்டையில் கட்டுங்கள், ரகம் கலந்தால் மன்றத்துக்குத்தான் கெட்ட பேர்.