அமெரிக்க வெள்ளிக் காசு சேர்க்க ஆசையா? முதலில் விளிம்பைப் பாருங்கள்

மட்டக்களப்பில் பல வீட்டு அலுமாரிகளில் வெளிநாட்டுச் சொந்தக்காரர் விட்டுப்போன சில்லறை ஒரு டப்பா கிடக்கும். அதைக் கொட்டி ஆண்டைப் பாருங்கள். அமெரிக்க 10 சதம், 25 சதம், அரை டொலர் மூன்றிலும் 1964 வரை நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி. அப்புறம் புழக்கத்துக்கு விட்டதில், கென்னடி தலை போட்ட அரை டொலரில் மட்டும் 1969 வரை 40 பங்கு. 5 சதத்தில் யுத்த காலத்துக் காசுதான் வெள்ளி, 1942 முதல் 1945 வரை, அதுவும் பின்பக்கக் கட்டடத்துக்கு மேலே, காசு அடித்த ஊரைக் குறிக்கும் பெரிய எழுத்து இருந்தால் மட்டும். ஆண்டு தேய்ந்துவிட்டதா? விளிம்பைத் திருப்புங்கள், செம்புக் கோடு பளிச்சென்று ஓடினால் வெள்ளி இல்லை.

விலை பேசுமுன் கணக்குப் போடுங்கள். 25 சதம் 6.25 கிராம், அதில் வெள்ளி ஏறக்குறைய 5.6 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் சரி. தேய்ந்த சாதாரணக் காசுக்கு அதைவிட அதிகம் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

மோர்கன் டொலர் என்ற பழைய ஒரு டொலர் வெள்ளிக் காசு வேறு கதை. 1878 முதல் 1904 வரை அடித்து, 1921இல் திரும்பவும் அடித்தார்கள், எடை 26.73 கிராம். 1893இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது ஒரு இலட்சம்தான், ஆகவே அந்த ஆண்டும் 'எஸ்' எழுத்தும் போட்ட போலிகள் தாராளம். நானும் ஒன்றை வாங்கி ஏமாந்தவன்தான். காந்தம் ஒட்டவில்லை என்று துள்ளிக் குதித்தேன் (பித்தளையிலும் ஒட்டாது என்று அப்போது புத்தியில் ஏறவில்லை), பிறகு தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்தால் 22 கிராம் சொச்சம். கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை, சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார். தேய்மானத்தில் இவ்வளவு குறையாது.

கறுத்த காசைத் துலக்கவே வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக்குத் திருநீறு என்று பழகிய நம் வீடுகளில் இதுதான் பெரிய ஆபத்து. அம்மா ஒருநாள் என் 1921 டொலரைத் திருநீறு போட்டுத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தார், பார்க்க அழகு, ஆனால் சேகரிப்பவர் எவரும் இனி நல்ல விலை தரமாட்டார்.

கல்லடிப் பக்கம் உப்புக் காற்று வேறு. ரப்பர் வளையம் போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறியாமல் காசு டப்பாவுக்குள் போட்டு வையுங்கள், மாரி தொடங்குமுன் மாற்றுங்கள்.