யூடியூபில் ‘ஆட்டோபிளே’யை அணைத்து வையுங்கள்

குழந்தை கையில் போனைக் கொடுக்கும் முன் யூடியூபில் அடுத்த வீடியோவைத் தானாக ஓட்டும் ‘ஆட்டோபிளே’யை அணைத்துவிடுங்கள். போனில் வீடியோ ஓடும்போது திரையைத் தொட்டால் மேலே ஒரு சின்ன பட்டன் தெரியும், அதைத் தள்ளினால் போதும். ஸ்மார்ட் டிவியில் யூடியூபின் செட்டிங்ஸுக்குள் இருக்கும்.

ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதால்தான் “இதோட போதும்” என்று சொல்ல இடமே கிடைப்பதில்லை. அணைத்துவிட்டால் படம் நின்றுவிடும். போனைப் பிடுங்கினால் வரும் அழுகை, அதுவாக நின்றால் பெரும்பாலும் வராது. 13 முதல் 17 வயதுள்ளவர்களின் கணக்குகளில் 2021 முதல் இதை யூடியூபே அணைத்து வைத்திருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் பிள்ளைகள் பார்ப்பது அம்மா அப்பா கணக்கில்தானே!

வேலூர் வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திர நாட்களில், மதியம் பிள்ளைகளை வெளியே அனுப்ப முடியாது. அப்போதுதான் இது ரொம்பவே உதவும். தாத்தா போன், ஹால் டிவி எல்லாவற்றிலும் தனித்தனியாகப் பார்த்து அணையுங்கள். ஒன்றை விட்டாலும் பிள்ளை அங்கே போய்விடும்.

யூடியூபின் குட்டி வீடியோக்களான ஷார்ட்ஸுக்கு இது பலிக்காது, அதில் விரலே அடுத்ததைத் தள்ளிவிடும். நாள் முழுக்க ஓடும் கேபிள் கார்ட்டூன் சேனலுக்கும் அப்படித்தான். அங்கே ரிமோட்டை எடுத்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கோ திரையே வேண்டாம்.