புயலையும் வெள்ளத்தையும் தாங்கும் வீட்டை வடிவமைப்பது எப்படி?

புயலுக்கு ஈடுகொடுக்கும் வீடு என்றதும் சுவரைத் தடிமனாக்கவே பலருக்கும் தோன்றுகிறது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் முதலில் பறப்பது கூரை. மேலே பிடிமானம் போன பிறகுதான் சுவர் சாய்கிறது.

முதலில் கணக்கு. அந்த இடத்துக்குரிய காற்றின் வேகத்தையும் வெள்ள மட்டத்தையும் கட்டட விதிகளிலிருந்தும் வெள்ள வரைபடங்களிலிருந்தும் குறித்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் அடிப்படை அழுத்தம் ஏறத்தாழ 1,500 பாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும்.

அடுத்து வடிவம். நாற்புறமும் சுமார் 30 பாகை சரியும் கூரையும் குறுகிய இறவாரமும் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) நல்லவை.

மூன்றாவதாக இணைப்புகள், அதிகக் கவனம் இங்கேதான் தேவை. காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. கூரையைத் தாங்கும் சாய்வான கைமரத்தின் வழியாக, சுவரின் உச்சியில் கிடத்திய சுவர்விட்டத்தில் நேராக இறக்கிய ஆணி, அந்த இழுப்பில் வந்த வழியே உருவிக்கொண்டு வெளியேறிவிடும். மாறாக, துருப்பிடிக்காத உலோகப் பட்டையைக் கைமரத்தின் மேலாக வளைத்து, பக்கவாட்டில் ஆணி அடித்தால், உருவப்படுவதற்குப் பதிலாக ஆணி குறுக்காக நின்று விசையைத் தாங்கும். சுவர்விட்டத்தைப் போல்ட்டால், சுவரின் உச்சியைச் சுற்றி ஓடும் கான்கிரீட் வளையத்துடனும், அந்த வளையத்தைச் செங்குத்துக் கம்பிகளால் அஸ்திவாரத்துடனும் பிணையுங்கள். இடையில் ஓரிடம் விட்டாலும் மற்றவை பயன்படாது.

நான்காவது, ஜன்னல்கள். காற்று மோதும் பக்கத்துக் கண்ணாடி உடைந்தால், உள்ளே புகும் காற்றும் கூரையைத் தூக்கத் தொடங்கும். ஆண்ட்ரூ புயல் 1992-இல் தெற்கு ஃபுளோரிடாவைத் தாக்கிய பின் அங்கு விதிகள் கடுமையாயின. புயலில் பறந்துவரும் பொருள்களுக்கு ஈடாகச் சுமார் 4 கிலோ மரச்சட்டத்தை நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் எறிந்து, ஜன்னலைக் காக்கும் ஷட்டர்களைச் சோதிக்கிறார்கள்.

இறுதியாக வெள்ளம். வசிக்கும் தளத்தை வெள்ள மட்டத்துக்கு மேலே தூண்களில் உயர்த்துவதே என் முதல் பரிந்துரை. ஒரு மீட்டர் உயர நீர், மீட்டர் நீளச் சுவரை ஏறத்தாழ 500 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது. எனவே கீழ்ப்பகுதியைச் சுவரால் அடைப்பதானால், உள்ளும் புறமும் நீர்மட்டம் சமமாகும்படி, தரையை ஒட்டி வெவ்வேறு சுவர்களில் குறைந்தது இரண்டு திறப்புகளை விடுங்கள். வெள்ளத்தின் மண் அரிப்பு எட்டும் ஆழத்துக்குக் கீழே அஸ்திவாரத்தை இறக்குங்கள். மின் இணைப்புப் பெட்டி வெள்ள மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும்; கழிவுநீர் வீட்டுக்குள் திரும்பாதபடி குழாயில் ஒருவழி வால்வைப் பொருத்துங்கள்.