அழுத யானைகள், அறுந்த முகமூடிகள்: பிள்ளைகளின் வண்ணப் படத்திலும் காகித வேலையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வகுப்புக்கு உதவி செய்ய ஒரு தம்பி புதிதாக வந்தான். கல்லூரிப் பையன், நல்ல ஆர்வம். பையைத் திறந்து அறுபது புலிகளை எடுத்து வைத்தான். ராத்திரி உட்கார்ந்து நெட்டில் தேடி, வீட்டு பிரிண்டரிலேயே அடித்துக்கொண்டு வந்திருக்கிறான். எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். நான் விரலைத் தண்ணீரில் நனைத்து ஒரு புலியின் மீசை மேல் ஓர் இழுப்பு இழுத்தேன். மீசை கன்னம் முழுக்கப் பரவியது. தம்பியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே தவறை நான் நூற்று நாற்பது யானைகளை வைத்துச் செய்தவள்.

தாராவியில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வண்ணம் தீட்டவும் காகிதத்தில் விலங்கு செய்யவும் சொல்லித் தருகிறோம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி நான் விழுந்த அதே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். கோட்டுக்கு வெளியே தீட்டினால் திட்டாதே, கத்தரிக்கோலைப் பார்த்துக் கொடு என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை வீட்டில் பாட்டியே சொல்லிவிடுவார்.

இங்க்ஜெட்டில் அடித்து ஸ்கெட்ச் பேனாவைக் கொடுப்பது

ஆகஸ்ட் 12 உலக யானைகள் தினம். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு யானை கொடுப்போம் என்று சில வருடங்களுக்கு முன்னால் ஓர் உற்சாகம் வந்தது. காசை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் இரவு முழுக்க அடித்தேன். நூற்று நாற்பது தாள், தடித்த கருப்புக் கோடு, பெரிய காது, பெரிய கண். நடுவில் மை தீர்ந்து இன்னொரு கார்ட்ரிட்ஜ் வாங்கப் போனதும் நினைவிருக்கிறது. மறுநாள் காலையில் மும்பை மழை, சுவரெல்லாம் ஈரம், தாளைத் தொட்டாலே நமுத்துப்போன அப்பளம் மாதிரி இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பிள்ளைகளிடம் பன்னிரண்டு நிற ஸ்கெட்ச் பேனாப் பெட்டிகளைக் கொடுத்தோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, முதல் வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண், "அக்கா, யானை அழுவுது" என்றாள். போய்ப் பார்த்தால், கண்ணைச் சுற்றி அவள் நீலம் தீட்டியிருக்கிறாள், இமைக்கோடு கரைந்து கன்னத்தில் கருப்பாக வழிகிறது. அப்புறம் அடுத்தடுத்து எல்லா யானையும் அழ ஆரம்பித்தது. பிள்ளைகளுக்கு அது வேடிக்கைதான். என் வயிறு எரிந்தது வேறொன்றைப் பார்த்து: மஞ்சள் பேனா. கருப்புக் கோட்டின் மேல் மஞ்சளை ஓட்டினால் அந்தப் பஞ்சு முனை கரைந்த மையை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அந்தப் பேனா தீட்டுவதெல்லாம் அழுக்குப் பச்சை. ஒரே காலையில் பதினெட்டுப் பெட்டியிலும் மஞ்சள், ரோஸ், ஆரஞ்சு மூன்றும் போயின. தாள், மை, பேனா எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்திருக்க வேண்டியதைப் போல ஐந்து மடங்கு போயிருந்தது. இன்றைக்கும் அந்த அழுக்குப் பச்சையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

காரணம் சின்ன விஷயம்தான். பல இங்க்ஜெட் பிரிண்டர்களில் இருப்பது தண்ணீரில் கரைந்த சாய மை. ஸ்கெட்ச் பேனாவிலும் தண்ணீர் மைதான். தண்ணீர் தண்ணீரைக் கரைக்காமல் என்ன செய்யும்? ஜெராக்ஸ் மிஷினிலும் லேசர் பிரிண்டரிலும் மையே கிடையாது, டோனர் என்று ஒரு பொடி. பிளாஸ்டிக் கலந்த பொடி, அதைச் சூட்டில் உருக்கித் தாளோடு ஒட்டிவிடுகிறார்கள். தண்ணீரில் நனைத்தாலும் கோடு அசையாது. ஆகவே வீட்டில் ஒரே ஒரு பிரதி அடியுங்கள், மீதியை ஜெராக்ஸ் போடுங்கள். அவ்வளவுதான் வித்தை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு நூற்று நாற்பது யானை தேவைப்பட்டது.

சில இங்க்ஜெட்களில் கருப்பு மட்டும் பிக்மென்ட் மையாக, அதாவது கரையாத நிறப்பொடி கலந்த மையாக இருக்கும், காய்ந்தபின் அவ்வளவாகக் கரையாது. உங்களுடையது எந்த ரகம் என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள். ஒரு தாள் அடித்து, கால் மணி நேரம் காயவிட்டு, ஈர விரலால் இழுத்துப் பாருங்கள்.

ஜெராக்ஸ் தாளில் முகமூடி

தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்று சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. பதினாறு ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர், ஆக 80 ஜிஎஸ்எம் என்றால் ஒரு தாள் 5 கிராம். அந்த 5 கிராமில் சிங்க முகமூடி செய்து, ஓட்டை போட்டு, எலாஸ்டிக் கட்டிப் பிள்ளையின் தலையில் மாட்டினால் முதல் கர்ஜனையிலேயே காதோரம் அறுந்துவிடும். 200 ஜிஎஸ்எம் அட்டை வாங்குங்கள், இல்லையென்றால் தீட்டி முடித்த படத்தைப் பழைய கல்யாணப் பத்திரிகை மேல் ஒட்டுங்கள். நம் வீடுகளில் பத்திரிகைக்குப் பஞ்சமா? ஓட்டை போடும் இடத்தில் பின்பக்கம் செலோடேப் ஒட்டிவிட்டு அப்புறம் குத்துங்கள். மொத்தமாக வேண்டுமென்றால் கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் அப்துல் ரஹ்மான் தெருவுக்குப் போங்கள், ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் போகாதீர்கள்.

ஜிகினா

வேண்டாம். பெருக்குவது நீங்கள்தான்.

வாட்டம் பார்க்காமல் மடிப்பது

மரப்பலகை மாதிரி தாளுக்கும் வாட்டம் உண்டு. தாள் செய்யும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்துவிடும், அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு கத்தி போல விழும், குறுக்கே மடித்தால் முறுக்கிக்கொண்டு நிற்கும். மெல்லிய தாளில் இது தெரியாது. வாய் திறந்து மூடும் முதலையைக் கெட்டிச் சார்ட்டில் செய்து பாருங்கள், மடிப்பில் பச்சை வெடித்து உள்ளிருக்கும் வெள்ளை பல்லிளிக்கும். வெட்டுவதற்கு முன்னால் தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் கை நோகாமல் வளைகிறதோ அதே பக்கம் மடிப்பு வரட்டும். அப்படியும் குறுக்கே மடிக்க வேண்டி வந்தால், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேல் வைத்து ஒரு முறை அழுத்தி இழுத்துவிட்டு மடியுங்கள். தீர்ந்த பேனாக்களை நான் தூக்கிப் போடுவதே இல்லை.

அமெரிக்க அளவுப் படங்கள்

நெட்டில் கிடைப்பதில் பாதி லெட்டர் அளவு, 216க்கு 279 மில்லிமீட்டர். நம் ஏ4, 210க்கு 297. பிரிண்டர் தானாகவே கொஞ்சம் சுருக்கும். ஒற்றைப் படம் என்றால் பாதகமில்லை. ஒட்டகச்சிவிங்கியின் உடம்பு ஒரு தாளிலும் கழுத்து இன்னொரு தாளிலுமாக வந்து, ஒன்றைச் சுருக்கியும் மற்றதைச் சுருக்காமலும் அடித்தால் உடம்பில் வெட்டிய பள்ளத்தில் கழுத்து உட்காராது. எல்லாத் தாளையும் ஒரே அமைப்பில் அடியுங்கள்.

ஒட்டும் கண்மணிகள்

மூன்று வயதுக்குக் கீழே ஒரு குழந்தை அறையில் இருந்தாலும் அந்தக் குட்டிப் பிளாஸ்டிக் கண் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கண்ணைப் பேனாவால் வரையலாம்.

பூநாரையைத் திருத்துவது

ஒரு பையன் ஃபிளமிங்கோவுக்குச் சாம்பல் நிறம் தீட்டினான். நான் பெரிய மேதை மாதிரி ரோஸ் பேனாவை நீட்டினேன். "சிவ்ரி கடலோரத்துல பாத்தேன் அக்கா, குட்டி இப்படித்தான் இருக்கும்" என்றான். அவன் சொன்னதுதான் சரி. இளம் பூநாரை சாம்பல்தான், பாசியும் சின்ன இறால் வகைகளும் தின்று தின்று அவற்றில் உள்ள நிறமி சேர்ந்து பிறகுதான் ரோஸ் ஆகிறது. 2015-இல் மும்பையை ஒட்டிய தாணே கழிமுகத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள், ரயில் ஏறினால் எட்டிவிடும் தூரம், நான் அதுவரை போனதில்லை. இப்போதெல்லாம் பச்சைக் கரடி வந்தாலும் எங்கே பார்த்தாய் என்று மட்டும் கேட்கிறேன்.

இடது கைப் பிள்ளைக்கு வலது கைக் கத்தரி

வெட்டாது, தாளை மடக்கும். பிள்ளையைக் குறை சொல்வார்கள். கத்தரியின் எந்த அலகு மேலே வருகிறது என்பதில் இருக்கிறது விஷயம். இடது கைக் கத்தரி தனியாகவே கிடைக்கிறது, ஒன்றாவது வாங்கி வையுங்கள்.

மழைக்காலத்தில் வெள்ளைப் பசை

பசையில் இருக்கும் தண்ணீரைக் குடித்து நார் உப்பும், தாள் அலை அலையாகச் சுருளும். ஜூலையில் மும்பையில் அது காய்வதற்குள் வகுப்பே முடிந்துவிடும், பிள்ளை ஈரப் பட்டாம்பூச்சியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடும். மழை மாதங்களில் குச்சிப் பசைதான். வெள்ளைப் பசைதான் இருக்கிறது என்றால் காது குடையும் பஞ்சால் தொட்டு ஓரத்தில் மட்டும் வையுங்கள்.

அந்த அறுபது புலிகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை, ஜெராக்ஸ் கடை மூடியிருந்தது. ஸ்கெட்ச் பேனாவையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு மெழுகு க்ரேயான் டப்பாவை இறக்கினேன். க்ரேயானில் தண்ணீர் கிடையாது, மை கரையாது. தம்பி அப்போதுதான் மூச்சு விட்டான். மீசை பரவிய புலியை நான் ஒதுக்கி வைத்திருந்தேன். அதுதான் வேண்டும், தாடி வைத்த புலி என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.