சாயப்பட்டறையின் கார்பன் கணக்கு: பிசினஸ் சென்ட்ரலில் லெட்ஜர் அமைக்கும் முறை

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஐரோப்பிய பையர்கள் அனுப்பும் படிவங்களில் இப்போது ஸ்கோப் 1, 2, 3 என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. பசுமைக்குடில் வாயு உமிழ்வில் நம் வளாகத்திலேயே வெளியேறுவது முதலாவது, வாங்கும் மின்சாரத்தினுடையது இரண்டாவது, மற்றவர்கள் நமக்காகச் செய்வதில் வருவது மூன்றாவது. பெரும்பாலும் வருடக் கடைசியில் யாராவது ஒருவர் எக்செல் ஷீட்டைத் திறந்து, ஈ.பி. பில்களையும் விறகு ரசீதுகளையும் தேடிப் பிடித்து நிரப்புகிறார். அடுத்த வருடம் அதே எண்ணை எப்படி எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. பண வரவு செலவைப் போலவே உமிழ்வையும் மாதாமாதம் லெட்ஜரில் ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லை. மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் 365 பிசினஸ் சென்ட்ரல் என்ற கணக்கு மென்பொருளில் 2024 முதல் இதற்கென்றே சஸ்டைனபிலிட்டி பகுதி இருக்கிறது. சொந்த டையிங், சொந்த தையல், வெளியே ஜாப் ஒர்க் என்று இயங்கும் ஒரு நிறுவனத்துக்கு அதில் கணக்குகளை அமைப்பதைப் பார்ப்போம்.

ஒரு தவறான பேச்சை முதலில் தள்ளிவிடலாம். ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி பனியனுக்கு வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது சிமென்ட், இரும்பு எஃகு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கானது. ஆடை அந்தப் பட்டியலில் இல்லை. உங்களிடம் கணக்குக் கேட்பது பையர்தான். அவர் கேட்பது கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டோகால் என்ற சர்வதேச உமிழ்வுக் கணக்கு முறையில்.

கணக்குப் போடுமுன் எல்லை போடுங்கள்

எந்த பாய்லர் யாருடைய கணக்கில் வரும் என்பதை மென்பொருளைத் திறக்கும் முன்பே ஒரு தாளில் எழுதி முதலாளியின் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இயக்கக் கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறதோ அவர் கணக்கு என்பதே நடைமுறைக்கு எளிது. நம் வளாகத்தில் நாம் எரிக்கும் விறகு, டீசல், கேஸ் எல்லாம் ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. பக்கத்து சிஸ்டர் கன்சர்ன் பாய்லரிலிருந்து பைப்பில் நீராவி வாங்கினால் அதுவும் உங்களுக்கு ஸ்கோப் 2. அவர்களுக்கு ஸ்கோப் 1.

கழிவுநீரில்தான் சண்டை வரும். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத சுத்திகரிப்பு இல்லாமல் திருப்பூரில் சாயம் போட முடிவதில்லை. உப்பு நீரைக் கொதிக்கவைத்து வற்றச் செய்யும் எவாபரேட்டர் நிறைய நீராவி தின்னும். அது உங்கள் சொந்த நிலையமாக இருந்தால் அந்த விறகும் கரண்டும் ஏற்கெனவே உங்கள் பாய்லர், ஈ.பி. கணக்கில் இருக்கிறது, தனியாக எழுதினால் இரட்டிப்பாகும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பினால் அது ஸ்கோப் 3, ஐந்தாம் வகை (செயல்பாட்டில் வரும் கழிவு). அங்கே எத்தனை கிலோலிட்டர் அனுப்பினீர்கள் என்ற எண் மாத பில்லிலேயே இருக்கும்.

கணக்குப் பட்டியல்

சஸ்டைனபிலிட்டி கணக்குப் பட்டியல் பொதுப் பேரேட்டின் கணக்குப் பட்டியலைப் போலவே இயங்கும்: தலைப்பு, தொடக்க மொத்தம், பதிவுக் கணக்கு, முடிவு மொத்தம். விதி ஒன்றுதான்: ஒரு கணக்குக்கு ஒரு எரிபொருள், ஒரு அளவு அலகு, ஒரு காரணி. காரணி என்பது ஓர் அலகுக்கு இவ்வளவு உமிழ்வு என்ற எண். பையரின் படிவத் தலைப்பைப் பார்த்துக் கணக்குத் திறக்காதீர்கள். அடுத்த பையர் வேறு தலைப்போடு வருவார். எண் எங்கே அளக்கப்படுகிறதோ, அதாவது மீட்டர், எடைமேடை, டீசல் பம்ப் என்று எதுவோ, அதைப் பார்த்துத் திறங்கள்.

10000 ஸ்கோப் 1, தொடக்க மொத்தம்
10100 பாய்லர் விறகு
10200 ஜெனரேட்டர் டீசல்
10300 சொந்த வண்டி டீசல்
10400 எல்பிஜி
10500 ஏசி, சில்லர் கேஸ் நிரப்பல்
19999 ஸ்கோப் 1, முடிவு மொத்தம்
20000 ஸ்கோப் 2, தொடக்க மொத்தம்
20100 ஈ.பி. மின்சாரம்
29999 ஸ்கோப் 2, முடிவு மொத்தம்
30000 ஸ்கோப் 3, தொடக்க மொத்தம்
30100 நூல்
30200 சாயம், கெமிக்கல்
30300 ஜாப் ஒர்க்
30400 மின் கடத்தல் இழப்பு
30500 வாடகை லாரி
30600 பொதுச் சுத்திகரிப்பு
39999 ஸ்கோப் 3, முடிவு மொத்தம்

பதிவுக் கணக்குகளுக்கு இடையே நூறு நூறாக இடைவெளி விடுங்கள். நாளைக்கு விறகோடு முந்திரி ஓடும் எரிக்க ஆரம்பித்தால் 10110 திறக்க இடம் வேண்டும். முடித்ததும் இன்டென்ட் கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள், மொத்தங்களின் கூட்டல் வரம்பு அதில்தான் நிரம்பும். நிட்டிங், டையிங், தையல் யூனிட்டுகளுக்குத் தனித்தனிக் கணக்கு வேண்டாம். அதற்கு, பதிவு வரியில் யூனிட்டின் பெயரைக் குறிக்கும் ரெஸ்பான்சிபிலிட்டி சென்டர் அல்லது டைமென்ஷன் போதும்.

வகை, உள்வகை, காரணி

ஒவ்வொரு கணக்கும் ஒரு வகையோடும் ஓர் உள்வகையோடும் கட்டப்படும். எந்த ஸ்கோப், எதை வைத்துக் கணக்கிடுவது (எரிபொருள் அல்லது மின்சாரம், தூரம், நிறுவப்பட்ட கருவி, தனிப்பயன்), கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு என்ற மூன்று வாயுக்களில் எவை வேண்டும் என்பதெல்லாம் வகையில். காரணி எண்கள் உள்வகையில். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டி எண்களை வைத்துக் கணக்கிட்டால் கிடைப்பவை:

டீசல்: டெராஜூலுக்கு (ஆற்றலின் அலகு, 1,000 ஜிகாஜூல்) 74,100 கிலோ கார்பன் டை ஆக்சைடு, டன்னுக்கு 43 ஜிகாஜூல், அடர்த்தி 0.84. ஆக லிட்டருக்கு 2.68 கிலோ. இது ஜெனரேட்டருக்கும் வண்டிக்கும் ஒன்றுதான். ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு மாறும்: ஜெனரேட்டருக்கு டெராஜூலுக்கு 0.6 கிலோ, சாலை வண்டிக்கு 3.9 கிலோ. டீசலுக்கு இரண்டு கணக்கு திறந்ததற்கு இதுவே காரணம்.

எல்பிஜி: கிலோவுக்கு 2.98 கிலோ. கேன்டீனின் 19 கிலோ சிலிண்டர் ஒன்றுக்குச் சுமார் 57 கிலோ. சிலிண்டர் எண்ணிக்கையைப் பதியாதீர்கள், கிலோவாக மாற்றிப் பதியுங்கள்.

மின்சாரம்: மத்திய மின்சார ஆணையத்தின் தரவுத் தொகுப்பில் 2023-24க்கான சராசரி யூனிட்டுக்கு 0.727 கிலோ. அட்டவணையில் அது மெகாவாட்-மணிக்கு டன் என்று இருக்கும், எண் மாறாது. அந்தத் தொகுப்பு கார்பன் டை ஆக்சைடு மட்டும் தருவதால் வகையில் மற்ற இரண்டு வாயுக்களின் டிக்கை எடுத்துவிடுங்கள். மாதம் 1,80,000 யூனிட் என்றால் 1,30,860 கிலோ, அதாவது 130.86 டன். எச்.டி. (உயர் மின்னழுத்த) பில்லில் கேவிஏ என்று இருக்கும் மேக்ஸிமம் டிமாண்டை யூனிட் என்று எடுத்துவிடுவார்கள், அது வேறு. உள் மீட்டரில் ரீடிங் எடுத்தால் பெருக்கல் காரணியை மறக்க வேண்டாம்.

விறகில்தான் பெரிய பிழைகள் நடக்கின்றன. சீமைக்கருவேலமோ சவுக்கோ எரிக்கும்போது வரும் கார்பன் டை ஆக்சைடு உயிரிவழி என்பதால் ஸ்கோப் 1 மொத்தத்தில் சேராது. தனியாகக் காட்ட வேண்டும். மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் ஸ்கோப் 1-ல் வரும். டன்னுக்கு 15.6 ஜிகாஜூல் என்று எடுத்தால், ஒரு டன் விறகுக்கு மீத்தேன் 0.468 கிலோ, நைட்ரஸ் ஆக்சைடு 0.0624 கிலோ. மாதம் 420 டன் எரித்தால், ஐபிசிசி ஐந்தாம் அறிக்கையின் 28 (மீத்தேன்), 265 (நைட்ரஸ் ஆக்சைடு) என்ற பெருக்கெண்களோடு, 12.4 டன் கார்பன் டை ஆக்சைடு சமானம். ஒரு கிலோ வாயு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குச் சூடேற்றும் என்பதே பெருக்கெண். தெரியாமல் கார்பன் டை ஆக்சைடு கட்டத்தையும் டிக் செய்துவிட்டால் கூடவே 734 டன் ஏறும். டையிங் யூனிட்டின் ஸ்கோப் 1 திடீரென மலைபோல் தெரிந்தால் முதலில் இந்த டிக்கைப் பாருங்கள்.

அந்த 734 டன்னை எங்கே வைப்பது? சஸ்டைனபிலிட்டி கணக்குப் பட்டியலில் வைத்தால் ஏதாவது ஓர் அறிக்கையில் மொத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிசினஸ் சென்ட்ரலில் பணமில்லாத எண்களுக்கென்று ஸ்டாட்டிஸ்டிகல் அக்கவுன்ட் இருக்கிறது. உயிரிவழி உமிழ்வுக்கு ஒன்று, காற்றாலை யூனிட்டுக்கு ஒன்று, டையிங் செய்த துணியின் கிலோவுக்கு ஒன்று அங்கே திறந்துகொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னது இல்லாமல் கிலோவுக்கு இவ்வளவு உமிழ்வு என்று பையருக்குச் சொல்ல முடியாது.

விறகின் எடையைப் பற்றி ஒரு வார்த்தை. ரசீதில் இருப்பது வாங்கிய எடை, எரித்த எடை அன்று. மாத முதல் இருப்பு, வாங்கியது, மாதக் கடைசி இருப்பு மூன்றும் வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்து வரும் விறகில் தண்ணீருக்கும் சேர்த்து எடை ஏறும். 15.6 என்பது காற்றில் உலர்ந்த விறகுக்கான எண். ஈரப்பத மீட்டர் இருந்தால் காற்றில் உலர்ந்த எடைக்குத் திருத்துங்கள். இல்லாவிட்டால் அப்படியே விட்டு, குறிப்பில் எழுதிவையுங்கள்.

ஏசி கேஸுக்குத் தனிக் கட்டம் கிடையாது. மென்பொருளின் கட்டங்கள் மூன்று வாயுக்களுக்கு மட்டுமே. வகையைத் தனிப்பயன் என்று வைத்து, கார்பன் டை ஆக்சைடு காரணியில் கேஸின் பெருக்கெண்ணைப் போடுங்கள்: ஆர்-32க்கு 677, ஆர்-410ஏக்கு 1,924. 2.5 கிலோ ஆர்-410ஏ நிரப்பினால் 4,810 கிலோ. இரண்டு கேஸும் வைத்திருந்தால் இரண்டு கணக்கு. பழைய ஆர்-22 புரோட்டோகாலின் ஏழு வாயுக்களில் இல்லை. அதை ஸ்கோப்புக்கு வெளியே தனியாகச் சொல்லுங்கள்.

அமைப்புப் பக்கம்

சஸ்டைனபிலிட்டி செட்டப்பில் உமிழ்வின் அலகைக் கிலோ என்று வையுங்கள். டன்னை அறிக்கை அலகாக மட்டும் போடுங்கள். தசம இடங்கள் 5. அதை 2-ல் விட்டால் 200 லிட்டர் டீசலின் நைட்ரஸ் ஆக்சைடு 0.0043 கிலோ பூஜ்யமாகிவிடும். தனி வரியில் அற்பம்தான். வருடம் முழுக்கத் தினசரி பதிவு செய்தால் ஒரு வாயுவே காணாமல் போகும், தணிக்கையாளர் கேட்பார்.

28, 265 என்ற பெருக்கெண்கள் எமிஷன் ஃபீஸ் பக்கத்தில், சமானக் காரணி என்ற கட்டத்தில் இடம்பெறும். பெயரைப் பார்த்துவிட்டு, கார்பன் கட்டணம் நமக்கு இல்லையே என்று தாண்டிவிடாதீர்கள். கட்டணம் பூஜ்யமாக இருக்கட்டும், காரணி வேண்டும். மூன்று வாயு, மூன்று ஸ்கோப், ஆக ஒன்பது வரி. கார்பன் டை ஆக்சைடுக்கு 1. வரி விட்டுப்போன இடத்தில் சமான அளவு வராது. பையர் ஆறாம் அறிக்கையின் எண்களைக் கேட்டால் பழைய வரிக்கு முடிவுத் தேதி போட்டுப் புதிய வரி சேர்க்கலாம். ஏசி கேஸ் காரணியை மட்டும் உள்வகையில் போய் மாற்ற வேண்டும்.

காற்றாலை யூனிட்

சொந்தக் காற்றாலையிலிருந்து ஈ.பி. லைன் வழியே வரும் யூனிட் பில்லில் கழிக்கப்படுகிறது. கரண்ட் செலவு குறைந்த மாதிரியே உமிழ்வும் குறையும் என்று அந்த நிகர யூனிட்டை 20100-ல் பதிவார்கள். அது தவறு. 2015-ல் வந்த புரோட்டோகாலின் ஸ்கோப் 2 வழிகாட்டி இரண்டு எண் கேட்கிறது: லைனில் வரும் மின்சாரத்தின் சராசரியை வைத்து இடஞ்சார்ந்த எண், நாம் யாரிடம் என்ன மின்சாரம் வாங்குகிறோம் என்பதை வைத்துச் சந்தைசார்ந்த எண். இடஞ்சார்ந்த எண்ணுக்கு, லைனிலிருந்து இழுத்த மொத்த யூனிட்டையும் 0.727-ஆல் பெருக்க வேண்டும். சந்தைசார்ந்த எண்ணில்தான் காற்றாலையைக் கழிக்கலாம், அதுவும் அதன் பசுமைச் சான்றிதழை வேறு யாருக்கும் விற்காமல் இருந்தால். இரண்டையும் ஒரே லெட்ஜரில் ஏற்றினால் ஸ்கோப் 2 இரட்டிப்பாகும். 20100-ல் இடஞ்சார்ந்ததை மட்டும் ஏற்றி, காற்றாலை யூனிட்டை ஸ்டாட்டிஸ்டிகல் அக்கவுன்டில் வைத்தால் மற்ற எண்ணை ஒரு கழித்தலில் எடுக்கலாம். கூரை மேல் இருக்கும் சோலாரில் நாமே எரித்த யூனிட்டுக்கு இரண்டு முறையிலும் பூஜ்யம்.

ஸ்கோப் 3: கிலோவில், ரூபாயில் வேண்டாம்

தனிப்பயன் வகையில், பொதுப் பேரேட்டிலிருந்து தொகையை இழுக்கும் வசதி உண்டு. நூல் கணக்கின் ரூபாயை இழுத்து ஒரு காரணியால் பெருக்கினால் வேலை முடிந்தது போலத் தோன்றும். 2021-22-ல் பஞ்சு, நூல் விலை ஏறியதை நினைத்துப் பாருங்கள். அதே கிலோ நூலுக்கு உமிழ்வும் ஏறியதாகக் கணக்கு காட்டும். நூலும் சாயமும் ஜாப் ஒர்க்கும் கொள்முதல் ரசீதில் கிலோவோடுதான் வருகின்றன, அதையே எடுங்கள். காரணியை மில்லிடமோ பையர் ஏற்கும் தரவுத்தளத்திடமோ வாங்கி, எங்கிருந்து வந்தது என்று உள்வகையின் விளக்கத்தில் எழுதுங்கள். ரூபாய் முறையை ஸ்டேஷனரி போன்ற உதிரிகளுக்கு விட்டுவிடலாம்.

வாடகை லாரிக்குத் தூரம் என்ற அடிப்படை. தூரம், பெருக்கி, காரணி மூன்றையும் மென்பொருள் பெருக்கும். தூத்துக்குடிக்குப் போன நடைகளைப் பெருக்கியில் போடலாம். காரணி கிலோமீட்டருக்கா, டன்-கிலோமீட்டருக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் லோடு எத்தனை டன்னோ அத்தனை மடங்கு பிழை.

மாதப் பதிவு

சாண்ட்பாக்ஸ் என்ற சோதனைப் பிரதியில் முதலில் ஒத்திகை பாருங்கள். 10200-ல் 1,000 லிட்டர் பதிந்தால் 2,680 கிலோ வர வேண்டும். 2.68 வந்தால் அலகு தவறு. எதுவுமே வராவிட்டால் கணக்கில் உள்வகை கட்டப்படவில்லை.

பிறகு சஸ்டைனபிலிட்டி ஜர்னலில் மாதம் ஒரு பேட்ச். ஆவண எண்ணில் பில் எண், தேதியில் பயன்படுத்திய மாதத்தின் கடைசி நாள். பில் வந்த தேதியைப் போட்டால் மார்ச் மின்சாரம் அடுத்த நிதியாண்டுக்குப் போய்விடும். மாதவாரியாக இருந்தால் ஏப்ரல்-மார்ச் கேட்பவருக்கும் ஜனவரி-டிசம்பர் கேட்பவருக்கும் அதே லெட்ஜர் போதும்.

பிறகு வந்த பதிப்புகளில் கொள்முதல் பில்லிலேயே உமிழ்வைச் சேர்த்துப் பதியலாம். டீசலைக் கொள்முதல் பில்லிலும் ஜர்னலிலும் இரண்டு இடத்தில் ஏற்றிவிடும் ஆபத்து அங்கே இருக்கிறது. ஸ்டாக் வைத்து எரிக்கும் விறகு, டீசலுக்கு ஜர்னல். நூல், சாயம், ஜாப் ஒர்க்குக்குக் கொள்முதல் பில் என்று பிரித்து, எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று சுவரில் ஒட்டுங்கள்.

புதிய மின்சாரக் காரணி வெளியானதும் உள்வகையில் மாற்றினால், அதற்கு முன் பதிவான வரிகள் பழைய காரணியோடே இருக்கும். போஸ்ட் செய்யாமல் ஜர்னலில் கிடக்கும் வரிகளுக்கு மட்டும் ரீகால்குலேட் கொடுங்கள். போஸ்ட் ஆன வரியைத் திருத்த முடியாது. அதே கணக்கில், அதே தேதியில் மைனஸ் அளவோடு ஒரு வரி, சரியான அளவோடு இன்னொரு வரி, இரண்டிலும் பழைய பில் எண். காரணி மாறிவிட்டிருந்தால் மைனஸ் வரிக்குப் பழைய வரியில் இருக்கும் உமிழ்வு எண்களையே கையால் அடியுங்கள், இல்லாவிட்டால் மிச்சம் தொங்கும்.

டாலி வைத்திருப்பவர்கள் இதற்காக மென்பொருள் மாற வேண்டியதில்லை. விறகு, டீசல், எல்பிஜி மூன்றையும் அலகோடு ஸ்டாக் ஐட்டமாகத் திறந்து, எரித்ததை ஸ்டாக் ஜர்னலில் எழுதினால் அளவு கிடைத்துவிடும். பெருக்கலை எக்செலில் செய்துகொள்ளலாம்.